கடைசியாகப் பிடித்தது யார்

ஞாயிறு, இரவு.

லைட்டை அணைக்க மனசு வரவில்லை.

சாயங்காலம் உத்திரமேரூர் ஏரிக்கரை மைதானத்தில் கபடி. ஆட்டக்காரர்களுக்கு அடிபட்டால் பார்க்கிற டிரெயினராக நான் போயிருந்தேன். வாலாஜாபாத் அணியின் தினேஷை எதிரணி மடக்கியதில் அவன் தலை தரையில் மோதியது. உடனே எழுந்து, மறுபடி ஆடப் போறேன் என்றான்.

தலையில் அடிபட்டால் மூன்று கேள்வி கேட்கணும். ஒரு பதில் தப்பானாலும் ஆட விடக்கூடாது. எங்கள் டிரெயினர்கள் சங்கம் போன வருஷம் போட்ட விதி. இதே மைதானத்தில் ஆட்டக்காரன் செல்வம் அடிபட்ட தலையோடு ஆடி, அன்று ராத்திரியே செத்த பிறகு போட்டது.

இது எந்த ஊர், ஆட்டத்தில் எத்தனையாவது பாதி, இரண்டும் சரியாகச் சொன்னான்.

"கடைசியா உன்னைப் புடிச்சது யாரு?"

"செல்வம்ணா. இன்னும் இடுப்ப வுடாம புடிச்சிக்கினு கீறாருக்கா. உள்ள போவாதன்றாரு."

எதிரணியில் செல்வம் என்று யாருமில்லை. தினேஷ் இந்த ஊருக்கே இன்றுதான் வந்திருக்கிறான்.

போட்டி நடத்துகிறவர் கத்தினார். "இன்னா மேடம், பேஜார் பண்றீங்க? நல்லாத்தான கீறான்?"

சங்கச் செயலாளருக்குப் போன் போட்டேன்.

"பதில் தப்புதானே? ஆட விடாதம்மா. யார் கேட்டாலும் சங்கம் பேசிக்கும்."

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது தினேஷ் இடுப்பைத் தடவிப் பார்த்தான்.

"வுட்டுட்டாருக்கா."

மூளையில் ரத்தக் கசிவாம். பிழைத்துக்கொள்வானாம்.

தப்பான பதில் என்றுதான் சங்கத்தில் சொல்லியிருக்கிறேன். கோச்சுக்காதே செல்வம்.