அணையாத சிவப்புப் புள்ளிகள்

15 செப்டம்பர் 2008, திங்கள்

ரயிலில் அரக்கோணத்திலேயே ஜன்னலோர இடம் கிடைத்தது. இன்றைய நல்லது இதோடு சரி என்று நினைத்தேன். தப்பு. நான் வளர்க்கும் செல்களுக்குள் வைரத்தூள் போயேவிட்டது! பச்சை ஒளி பட்டதும் நுண்ணோக்கித் திரையில் செக்கச் சிவப்பாகப் புள்ளிகள். மூன்று வருஷமாக இதற்குத்தான் திருத்தணி வீட்டுக்கும் சென்னை ஆய்வகத்துக்கும் அலைகிறேன்.

வைரம் என்றதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலைமுடியின் தடிமனை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் ஒவ்வொன்றும் என்றேன். "அத வெச்சிகினு இன்னா பண்றது?" என்றாள். சாயம் ஏற்றிய செல்கள் ஒளி பட்டுச் சீக்கிரம் வெளுத்துவிடும், இந்த வைரம் வெளுக்காது, உடம்புக்குள் மருந்து எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்கலாம் என்று விளக்கினேன். பாதியிலேயே புளி கரைக்கப் போய்விட்டாள்.

22 செப்டம்பர்

என் வழிகாட்டி மணவாளன் சார் படங்களைப் பார்த்தார். பாராட்டவில்லை. வைரம் போடாத செல்களையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டுமாம். தீபாவளிக்குள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டாவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றிவிடலாம் என்றார்.

மாற்றுவதாம். சட்டையா அது, மாற்ற?

7 அக்டோபர்

ஆய்வகத்தில் ஆயுதபூஜை. நாளைக்கு விடுமுறை என்பதால் இன்றே. சார் வீட்டிலிருந்து குங்குமம் கொண்டுவந்து, வேறு யாரையும் வைக்க விடாமல், தானே எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். நுண்ணோக்கிக்கு, குளிர்பெட்டிக்கு, செல்களை மூடும் கண்ணாடிச் சில்லுகள் இருக்கும் டப்பாவுக்குக்கூட. நல்ல சுண்டல்.

14 அக்டோபர்

வைரமே போடாத செல்லும் மினுங்குது.

எப்படி? செல் இருந்த தட்டை மாத்திட்டேனா? இல்லையே — பேர் எழுதித்தானே வெச்சேன்? திரும்பவும் செஞ்சேன். திரும்பவும் மினுங்குது. அப்போ போன மாசம் நான் பார்த்து குதிச்சது என்ன? தீபாவளிக்கு இன்னும் ரெண்டு வாரம்கூட இல்ல. சாரிடம் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

15 அக்டோபர்

ரயிலில் அழுதேன். எதிரே இருந்த அம்மாள் முறுக்கு கொடுத்தார். தின்றேன்.

17 அக்டோபர்

கண்ணாடிச் சில்லு எடுக்கப் போனபோது கையுறையில் லேசாகச் சிவப்பு. டப்பாவின் மூடியைப் பார்த்தேன். பொட்டு பாதி உதிர்ந்திருந்தது. அந்தப் பொடியைத் துளி எடுத்துப் பச்சை ஒளியில் வைத்தேன். கார்த்திகை தீபம்தான்!

சாரிடம் போய்ச் சொன்னேன். தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டேன். ஆனால் அவர் சார் ஆயிற்றே. பூஜைக்கு முன்னால் பார்த்த புள்ளிகளும் இப்படி எங்கிருந்தோ வந்த தூசு இல்லை என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். சிரிப்பு போய்விட்டது.

18 அக்டோபர், சனி

வழியெல்லாம் யோசித்தேன். சைதாப்பேட்டைக்கு வண்டி மாறும்போது பளிச்சென்று தோன்றியது. குங்குமம் வெறும் சாயம். வெளுக்கத்தானே வேண்டும்?

குங்குமம் விழுந்த அதே செல்களையே எடுத்தேன். வைரம் போட்ட தட்டு ஒன்று, போடாதது ஒன்று. ஒளியைக் குறைக்காமல் விட்டேன். சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். வைரம் போடாத தட்டில் ஒவ்வொரு புள்ளியாக மங்கி, கடைசியில் திரையே இருண்டது. பிறகு வைரம் போட்ட தட்டு. அதிலும் நிறைய மங்கின.

மிச்சப் புள்ளிகள் அப்படியே நின்றன. மதியச் சாப்பாட்டுக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை. அவை துளியும் மங்கவில்லை.

"நிக்குதும்மா," என்றார் சார். "தலைப்ப மாத்த வேணாம். புதுச் சில்லு வாங்கி இன்னொரு தடவ செஞ்சிட்டு எழுத ஆரம்பி."

படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கினேன். எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

12 டிசம்பர், வெள்ளி

அம்மாவை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். உயிருள்ள செல். உள்ளே ஒரே ஒரு வைரம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"போய்க்கினே இருக்குதே. எங்க போவுது அது?"

"அதத்தாம்மா எழுதிகினு இருக்கேன்."

"இரு. போய்ச் சேரட்டும்."

இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். அம்மாவின் தலை திரையை முழுக்க மறைத்தது. மணவாளன் சார் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நகரச் சொல்ல அவருக்கும் தைரியமில்லை.