கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு

ஜூன் 3

கொரினுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ஓக்லஹோமா. ஆகஸ்டுக்குள் போய்ச் சேர வேண்டும். ராணுவத்தில் இருப்பவள் அவள்; பெட்டி கட்டுகிறவன் நான். காற்றாலை மெக்கானிக்கான எனக்கு அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. கவலை அதுவல்ல. டெஸ். கொரினின் முதல் கல்யாணத்து மகள், ஒன்பது வயது, இனிமேல் போகப்போவது நான்காவது பள்ளி. இங்கே ஜார்ஜியாவில் வருடம் முழுக்க வகுப்பில் வாயே திறக்கவில்லையாம். மதியச் சாப்பாடும் தனியாகத்தான். ஆசிரியை இதைக் கடைசி நாளில்தான் சொல்கிறார். இதைச் சொல்ல ஒரு வருடமா?

இந்த முறை பள்ளியை நான் தேர்ந்தெடுக்கிறேன்.

ஜூன் 9

வீடு எந்தப் பள்ளி மாவட்டத்தின் கோட்டுக்குள் இருக்கிறதோ, அங்கேதான் பிள்ளையைச் சேர்க்க முடியும். ஆகவே பள்ளி முதலில், வீடு பிறகு. அட்டவணை போட்டேன். தேர்வு மதிப்பெண், வகுப்பில் எத்தனை பேர், ஆசிரியர்களின் அனுபவம். ஹார்லன் க்ரீக் எல்லாவற்றிலும் மேலே. கொரினின் படைத்தளத்திலிருந்து தூரம், பரவாயில்லை. படைத்தளத்து வாசலை ஒட்டிய மாவட்டத்துக்கு மதிப்பீடு பத்துக்கு மூன்று.

கொரின் வாசல் பள்ளியே போதும் என்கிறாள். ஏன் என்றால் விளக்கத் தெரியவில்லை. அவள் அப்பாவும் ராணுவம், அவளும் அப்படி ஒரு பள்ளியில்தான் படித்தாளாம். அது ஒரு தரவா?

ஜூன் 14

ஹார்லன் க்ரீக்கில் வீடு பேசி முடித்தேன். நேரில் பார்க்கவில்லை, தரகர் வீடியோவில் சுற்றிக் காட்டினார். படைக் குடும்பங்கள் எல்லாம் இப்படித்தான் வீடு எடுக்கின்றன.

கொரின் கேட்டாள்: “மிஸ்டர் என்ஜினியர், என்னையும் இப்படி அட்டவணை போட்டுத்தான் பிடிச்சியா?”

போட்டிருந்தால் நீ தேறியிருக்க மாட்டாய் என்றேன். உண்மையைத்தானே சொன்னேன். எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்ட் 2

வந்து சேர்ந்தோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வீடு சரியாக இருக்கிறது. ஊர்ப் பெயரில் இருக்கும் ஓடையில் தண்ணீர் இல்லை.

ஆகஸ்ட் 15

முதல் நாள். பள்ளிக்கூடம் விமான நிலையம் மாதிரி பளபளக்கிறது. எங்கள் பிள்ளைகள் எல்லாரும் மழலை வகுப்பிலிருந்தே ஒன்றாக வருகிறவர்கள், ஒரே குடும்பம் போல, என்று தலைமையாசிரியை பெருமையாகச் சொன்னார். நானும் நல்லது என்று தலையாட்டினேன். இப்போது யோசித்தால் — அதில் என்ன நல்லது?

ஆகஸ்ட் 29

ஆசிரியை போன் செய்தார். சுவரில் பெரிய வரைபடம் மாட்டி, ஒவ்வொரு பிள்ளையும் சொந்த ஊரில் ஒரு ஊசி குத்த வேண்டும். டெஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளாம். நின்றாள், நின்றாள், கடைசியில் ஊசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். பழகக் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்றார் ஆசிரியை. நல்ல பெண்மணி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

டெஸ்ஸிடம் கேட்டேன். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். “பொறந்தது டெக்ஸஸ். ஆனா எனக்கு அது ஞாபகமே இல்ல, வேட். ஞாபகமில்லாத ஊர்ல எப்படிக் குத்துறது?”

பீட்சா வாங்கப் போனேன்.

செப்டம்பர் 5

வகுப்பில் பேசவில்லை. இன்றும்.

செப்டம்பர் 12

கொரினைப் போலந்துக்கு அனுப்பிவிட்டோம். அவள் படைப்பிரிவுக்கு அங்கே ஒன்பது மாதப் பணி. பஸ் கிளம்பியதும் டெஸ் அழவில்லை, நானும் இல்லை.

தளத்து வாசலுக்கு வெளியே வண்டியை நிறுத்தி பர்கர் வாங்கினோம். பக்கத்தில்தான் அந்த வாசல் பள்ளி. மைதானத்தில் பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். தளத்துக்குள் ஊதுகொம்பு கேட்டது. நான் பாட்டுக்கு வண்டியைப் பார்த்து நடந்தேன்.

“வேட், நில்லு. கொடி இறக்குறாங்க.”

நின்றேன். மைதானம் முழுக்க அப்படியே நின்றது. பந்து மட்டும் தானாக உருண்டு வேலியோரம் வந்தது. யாரும் அசையவில்லை. யாரும் சொல்லியும் தரவில்லை. ஓசை அடங்கியதும் ஒரே கத்தல், ஓட்டம்.

பந்தை எடுக்க வந்த பெண் டெஸ்ஸைப் பார்த்தாள். “இதுக்கு முன்னாடி எங்க இருந்த?”

“ஜார்ஜியா. அதுக்கு முன்னாடி ஜெர்மனி. நீ?”

“கொரியா. போனது உங்கப்பாவா, அம்மாவா?”

“அம்மா. இன்னிக்குத்தான்.”

“எங்கப்பா போன மாசம். முதல் வாரம் மோசமா இருக்கும்.”

“தெரியும்.”

அந்தப் பெண் என்னைக் காட்டி, இது யார் என்றாள்.

“வேட். சிவிலியன். ஆனா பரவாயில்ல.”

ஒரு மாதத்தில் வெளியாரிடம் டெஸ் இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. பர்கர் ஆறிப்போனது.

செப்டம்பர் 13

சொந்த ஊர் எது என்று அந்தப் பெண் கேட்கவே இல்லை. அது ஒரு கேள்வியாகவே அவளுக்குத் தோன்றியிருக்காது.

இன்னொன்று. அந்தப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் வருட நடுவில் வருகிறார்கள், மீதிப் பாதி நடுவில் போகிறார்கள். தேர்வு எழுதுகிறவன் போன மாதம் வேறு மாநிலத்தில் வேறு பாடம் படித்தவன். மதிப்பெண் பிறகு எப்படி வரும்? அளவுமானி பழுதில்லை. அதை எங்கே மாட்டுவது என்று தெரியாதவன் நான். தொழிலில் புதிதாக வந்த பையன் இப்படிச் செய்திருந்தால் காற்றாலைக் கோபுரத்தின் மேலேயே திட்டியிருப்பேன்.

செப்டம்பர் 15

கொரின் போனில். வீட்டை விட்டுவிடுகிறேன், வாசல் பக்கம் மாறுகிறோம் என்றேன். முன்பணம் போகும், போகட்டும்.

அவள் கேட்டாள்: “உன் அட்டவணை என்ன சொல்லுது?”

“தப்பா சொல்லுது.”

“அட்டவணையா, நீயா?”

“நான்தான். போதுமா?”

சிரித்தாள். பிறகு அழுதாள் என்று நினைக்கிறேன். இணைப்பு மோசம், சரியாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 30

மாறினோம். சின்ன வீடு, குளியலறைக் கதவைச் சாத்த முடியவில்லை. இழைத்துச் சரி செய்தேன்.

நவம்பர் 7

வாசல் பள்ளியின் வகுப்பு ஆசிரியை பேட்ஜெட் அழைத்தார். குரலிலேயே அலுப்பு. டெஸ் வகுப்பில் பேச்சை நிறுத்துவதே இல்லையாம். பக்கத்துப் பெண்ணிடமிருந்து பிரித்து வேறு இடத்தில் உட்கார வைத்தால், அங்கேயும் பேசுகிறாளாம். வீட்டில் கொஞ்சம் கண்டித்து வையுங்கள் என்றார். கண்டிக்கிறேன் என்றேன்.

சாயங்காலம் அடுப்பில் மக்ரோனியை வைத்துவிட்டு, பள்ளியில் இன்று என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் அடிப்பிடித்துவிட்டது. மேலாக எடுத்துச் சாப்பிட்டோம். சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.