மூன்று கோடு மருந்து

மேல்விஷாரம்
9 பிப்ரவரி 1931, திங்கட்கிழமை

ரங்கூனில் இருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை ஷபீ அஹமது அவர்களுக்கு, மக்பூல் அகமது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று காலை டாக்டர் ராமமூர்த்தி என்னிடம் நேரில் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். உங்கள் மனைவி, என் தங்கை குர்ஷித்தின் உயிருக்கு ஆபத்து இல்லை. காது தெளிந்துவிட்டது. கண் இன்னும் தெளியவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று சொல்கிறாள். என் முகம் தெரியவில்லை என்கிறாள்.

போன மாதம் 28ஆம் தேதி குளிர்காய்ச்சலோடு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாம் தேதி காய்ச்சல் விட்டது. ஆனாலும் இன்னும் ஒரு வாரம் கொய்னா என்னும் குயினைன் மருந்து உள்ளே போகவேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

இங்கே ஒரு வழக்கம். கம்பவுண்டர் இருதயராஜ் தினமும் காலையில் ஒரு நாள் மருந்தைச் சீசாவில் ஊற்றி, அதில் மூன்று கோடு வெட்டிய காகிதத்தை ஒட்டிக் கட்டிலருகே வைப்பார். இரண்டு வார்டுக்கும் நர்ஸ் ஒருத்திதான். அதனால் ஊற்றிக் கொடுப்பது நோயாளியின் வீட்டார் வேலை. குர்ஷித் கோஷா, அந்நிய ஆணோடு பேசமாட்டாள் என்பதால் குடிக்கும் முறையை அவளிடம் சொல்லாமல், என்னை வாசலுக்கு அழைத்துச் சொன்னார். காலை ஒரு கோடு, மதியம் ஒரு கோடு, ராத்திரி ஒரு கோடு. நான் உள்ளே போய், ஒரு நாளைக்கு மூன்று கோடு, மிச்சம் வைக்காதே என்று மட்டும் சொன்னேன்.

நான்காம் தேதி யாரிடமும் சொல்லாமல் ரமலான் நோன்பு பிடித்தாள். நான் கண்டித்தேன். காய்ச்சல்தான் போய்டுச்சே அண்ணே, நோன்பு விட்டா மனசு பேஜாரா கீது என்றாள். அவளுடைய பகல் ரொட்டி பக்கத்துக் கட்டில் செண்பகத்துக்குப் போயிற்று. முப்பது நாளும் புடிம்மா, எனக்கு ஜாஸ்தி புண்ணியம் என்று அந்த அம்மாள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்று அந்தி மக்ரிப் தொழுகைக்குப் பிறகு நான் கஞ்சி கொண்டுபோனபோது சீசா நிறைந்திருந்தது. மிச்சம் வெக்காதேன்னு நீதானே சொன்னே, ஒண்ணா ஊத்திக் குடுண்ணே என்றாள். ஊற்றினேன். மூன்று நாள் ஊற்றினேன். காதில் வண்டு கத்துகிறது என்றாள். வெறும் வயிறு என்றேன். சனிக்கிழமை காலை நர்ஸ் அமிர்தவள்ளியிடம் ஜன்னலை ஏன் சாத்தினீர்கள் என்று கேட்டிருக்கிறாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

மருந்து மிஞ்சிப்போனதால்தான் இப்படி என்று நர்ஸ் விசாரித்தபோது, தானே ஊற்றிக் குடித்ததாகச் சொல்லிவிட்டாள். என்னைக் காப்பாற்றத்தான். கம்பவுண்டர் முறை சொல்லவில்லை என்று இப்போது பேச்சு. இருதயராஜை மருந்து அறைக்குள் விடுவதில்லை. நேற்று என்னைப் பார்க்க வந்தார். பாய், நோன்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டாக்டராண்ட போய் விடியுமுன்னே சஹருக்கு ஒண்ணு, கஞ்சிக்கப்புறம் ஒண்ணுன்னு மாத்தி எழுதி வாங்கியிருப்பேனே என்றார். நேற்றிலிருந்து டாக்டர், நோன்பா என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டு எழுதுகிறார்.

வியாழக்கிழமை காலை வேலூரிலிருந்து கண் டாக்டர் வருகிறார். அன்று பிற்பகல் விசாரணை. இருதயராஜ் முறையை என்னிடம் சரியாகத்தான் சொன்னார், ஒன்றாக ஊற்றியது நான்தான் என்று அங்கே சொல்லப்போகிறேன். அன்று மாலையே உங்களுக்குத் தந்தி அடிப்பேன். அது இந்தக் கடிதத்துக்கு முன்னால் வந்துவிடும். கண்ணைப் பற்றி அதில் தெரிந்திருக்கும். யார் கை ஊற்றியது என்பது தந்தியில் இருக்காது; அதனால்தான் இதை எழுதினேன்.

நீங்கள் போன வாரம் போட்ட கடிதம் அவள் தலையணைக்கடியில் பிரிக்காமல் இருக்கிறது. படித்துக் காட்டட்டுமா என்றேன். அது எனக்கு வந்தது, நானே படிச்சுக்கிறேன் என்கிறாள். அடுத்த கடிதத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள் மாப்பிள்ளை. எனக்கு எழுத உங்களுக்கு மனம் வராவிட்டாலும் அவளுக்கு எழுதுங்கள்.

உங்கள் துஆவை வேண்டும்,
மக்பூல் அகமது