களத்தில் ஜவ்வரிசி காயாத மழைக்காலம்

இயேசு மரி சூசை துணை

சேலம்
5-12-1963

என் அன்பு மகன் பாக்கியநாதனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் மழைக்கு முந்தியே சேதி சொல்லிவிடுகிறது. நீ கல்கத்தாவில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றாலும் நீ எழுதமாட்டாய் என்பது தெரியும்.

உன் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. முதல் வரியிலிருந்து இயந்திரம் இயந்திரம் என்றே எழுதியிருக்கிறாய், காற்று எவ்வளவு சூடு, விறகு எவ்வளவு ஆகிறது, தட்டில் ஒட்டுகிறதா என்று. அம்மாவைப் பற்றி ஒரே வரி, அதுவும் கையெழுத்துக்கு இடம் தேடும்போது ஞாபகம் வந்தமாதிரி. போகட்டும், கேட்டது புரிந்தது. உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் நீ வரைந்து செய்த ஜவ்வரிசி காயவைக்கும் இயந்திரம் நம் மில்லில் ஒரு மழைக்காலம் முழுக்க ஓடவேண்டும், நன்றாக ஓடினால் இதைவிடப் பெரிதாகச் செய்யக் கற்றுக்கொள்ள உன்னை மூன்று வருஷம் ஜெர்மனிக்கு அனுப்புவார்கள், குறை இருந்தால் அதைச் சரிசெய்ய ஆறு மாதம் இங்கே நம் வீட்டுக்கே அனுப்புவார்கள். இங்கே இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் சுவாமிநாதன் அளந்து அனுப்பும் கணக்கு மட்டும் போதாது, மில் நடத்துகிறவர் கைப்பட எழுதினால்தான் உங்கள் பெரிய ஐயா ஒப்புக்கொள்வார் என்கிறாய். ஆக நீ ஜெர்மனி போவதும் என்னிடம் வருவதும் என் பேனாவில் இருக்கிறது. இந்தப் பொறுப்பைப் பெற்றவளிடம் கொடுக்கலாமா என்று அந்தப் பெரிய ஐயா கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

வீட்டுச் சேதி அதிகம் இல்லை. உன் தங்கை இன்பமேரி திருச்சியில் பிள்ளையோடு சுகம், பாஸ்குத் திருநாளுக்கு வந்து போனவள்தான், இப்போது மாமியாருக்குக் காய்ச்சல் என்று கிறிஸ்து பிறந்த திருநாளுக்கும் வரமாட்டாளாம். நாமகிரிப்பேட்டையிலிருந்து ஜவ்வரிசிக்குக் குச்சிக்கிழங்கு லோடு நன்றாக வருகிறது, மண்தான் அதிகம். முன்பு களத்தில் வெயிலில் நின்று ஜவ்வரிசி கிளறிய பெண்களை எல்லாம் கிழங்கு தோலுரிக்கும் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன், யாரையும் நிறுத்தவில்லை. உள்ளங்கால் கொப்புளம் போச்சுங்க, உங்க மகன் நல்லா இருக்கோணும் என்று அவர்கள் உன்னை வாழ்த்துகிறார்கள். அந்தப் புண்ணியம் உனக்குச் சேரட்டும், அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

என் கவலையைச் சொல்லவேண்டுமானால் களத்தின் பழைய வழக்கத்திலிருந்து சொல்லவேண்டும், நீ படித்த படிப்பில் அது மறந்திருக்கலாம். மழை கருக்கிக்கொண்டு வந்தால் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை நான் சுத்தியால் அடிப்பேன், தெருவே ஓடிவரும். தையல்காரர் செல்லமுத்து சட்டையை மிஷினில் பாதியில் விட்டுவிட்டு வருவார், கோயில் உபதேசியார் வருவார், எதிர்வீட்டு இன்னாசிமேரி உலையை இறக்கிவைத்துவிட்டு வருவாள், ஆளுக்கொரு பலகையால் ஜவ்வரிசியைத் தள்ளிக் குவித்துப் படுதா போடுவதற்குள் எல்லாரும் தொப்பலாக நனைந்துவிடுவார்கள். கூலி கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள். அவித்த குச்சிக்கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் கருப்பட்டிக் காப்பியும்தான், மழை விடுகிறவரை நம் கூடத்தில் உட்கார்ந்து ஒரே பேச்சு, யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யார் யாரோடு முறைத்துக்கொண்டார்கள், எல்லாம் அங்கேதான் எனக்குத் தெரியவரும். உன் அப்பா போன பிறகு, நீயும் ரயில் ஏறிய பிறகு, இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது மழை நாளில்தான். மற்ற நாளில் மில்காரம்மா வீட்டுக்குக் காரணமில்லாமல் வர அவர்களுக்குக் கூச்சம், சும்மா வாருங்கள் என்று கூப்பிட எனக்கும் வாய் வராது, என் குணம் உனக்குத் தெரியும்.

ஐப்பசியில் முதல் மழை வந்த அன்று வழக்கப்படி நான் சுத்தியை எடுத்துவிட்டேன். காவல் செங்கோடன் ஓடிவந்து, எதுக்குங்கம்மா அடிக்கறீங்க, எல்லாம் உள்ளே சூடா காயுதுங்க என்றான். வாஸ்தவம்தான். வெளியே கொட்டுகிறது, உள்ளே உன் இயந்திரம் இரைந்துகொண்டு அதன் பாட்டுக்கு வேலை செய்கிறது. எதிரே இன்னாசிமேரி கதவைச் சாத்திக்கொண்டாள், அவள் என்ன செய்வாள், சாரல் அடிக்கிறதே. காப்பியைப் போட்டு நானே குடித்தேன். அதற்குப் பிறகு இந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை, ஒவ்வொரு மழையும் அப்படியேதான் போயிற்று.

போன வெள்ளிக்கிழமை நான் செய்த காரியத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது, பெரிய குண்டான் நிறையக் கிழங்கு அவித்து வைத்தேன். செங்கோடன் சந்தைக்குப் போயிருந்தான். முதல் தூறல் விழுந்ததும் வாசலுக்குப் போய்த் தண்டவாளத்தை ஓங்கி ஓங்கி அடித்தேன். வந்தார்கள் பாக்கியநாதா, எல்லாரும் வந்தார்கள். செல்லமுத்து கழுத்தில் அளவு நாடாவோடு, இன்னாசிமேரி தலையில் சாக்கோடு. வந்து பார்த்தால் வெறும் களத்தில் மழை பெய்துகொண்டிருக்கிறது. ஏனக்கா, ஜவ்வரிசியெல்லாம் எங்க, நனஞ்சு போச்சா என்று அவள் பதறுகிறாள். துருப்பிடித்துவிட்டதோ என்று அடித்துப் பார்த்தேன் என்று சொன்னேன். உபதேசியார் அதை நம்பியதுபோல் தலையாட்டினார், அதுதான் தாங்கவில்லை. செல்லமுத்து அடுப்படிப் பக்கம் திரும்பி, கிழங்கு வெந்துருச்சாட்ட இருக்குதுங்க என்றார். உட்கார்ந்து சாப்பிட்டார்கள், ஆனால் பேச்சு ஓடவில்லை, சீக்கிரமே எழுந்துகொண்டார்கள். போகும்போது செல்லமுத்து, இனிமே கூப்புடோணும்னா ஆளனுப்புங்கம்மா, வாரோம், அதை அடிச்சா பயந்து ஓடியாரோம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆளனுப்பி என்னவென்று சொல்லச் சொல்வது, அம்மாவுக்குப் பொழுது போகவில்லை என்றா. இன்னும் அனுப்பவில்லை.

நேற்று உனக்கு எழுத உட்கார்ந்தபோது, இயந்திரத்தில் காய்ந்தது வெயிலில் காய்ந்ததைவிட வெள்ளை ஒரு மாற்றுக் குறைவு என்று முதலில் எழுதினேன். அந்த ஒரு வரி போதும், வெள்ளை குறைந்தால் கல்கத்தா வியாபாரி வாங்கமாட்டான், நீ பெட்டியோடு இங்கே வந்து நிற்பாய், ஆறு மாதம் இந்த வீட்டில் இரண்டு இலை போடலாம். எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் தரகர் அருணகிரியிடம் இரண்டையும் தனித்தனித் தட்டில் வைத்துக் காட்டியிருந்தேன், எது வெயிலில் காய்ந்தது சொல்லுங்கள் என்று. அவர் கிள்ளிப் பார்த்து, கடித்துப் பார்த்து, உன் இயந்திரத்தில் காய்ந்ததைத்தான் வெயில் சரக்கு என்று எடுத்தார். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு எப்படிப் பொய் எழுதுவேன். கிழித்துப் போட்டுவிட்டேன். நீ வரவேண்டும் என்று எனக்கு இருக்கிறது சாமி, ரொம்ப இருக்கிறது, மறைக்கவில்லை. அதற்காக நீ கண்விழித்துச் செய்த வேலையின்மேல் பழி போட்டு உன்னை வரவழைத்தால், நீ வந்து என் முன்னால் உட்கார்ந்து சாப்பிடும்போது உன் முகத்தை என்னால் பார்க்கமுடியாது.

ஜெர்மனியில் பனி கொட்டுமாம், கல்கத்தாவிலேயே நல்ல கம்பளிச் சட்டை வாங்கிக்கொள், சிக்கனம் பார்க்காதே. ஞாயிறு பூசை தவறவேண்டாம். தலைக்கு எண்ணெய் வை. அடுத்த கடிதத்தில் இயந்திரத்தைக் குறைத்து உன்னைப் பற்றி எழுது, என்ன சாப்பிட்டாய், யாரோடு பேசினாய் என்று எதுவானாலும் சரி. தேவமாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்றட்டும். கீழே பெரிய ஐயாவுக்கு எழுதியிருக்கிறேன், அதை மட்டும் கத்தரித்துக் கொடு, மேலே உள்ளது உனக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
தெரசம்மாள்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, என் மகன் பாக்கியநாதன் செய்த இயந்திரம் இந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் மில்லில் பழுதில்லாமல் ஓடியது. சரக்கு நனையவில்லை. வெள்ளையிலும் குறைவில்லை. மழை வந்தபோது ஒத்தாசைக்கு யாரையும் கூப்பிட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

ச. தெரசம்மாள்
ஜவ்வரிசி மில், சேலம்