யாரையும் எறக்கி உட மாட்டமுங்க

அண்ணா,

போன வாரம் திங்கட்கிழமை காலை, கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் தெருவின் முனையில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஆளுயர பிளெக்ஸ். மூடுபனியில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. கோடை விழாவுக்கு வருகிறவர்களை வரவேற்கிறார்களாம். கீழே தெருக்காரர்களின் பெயர்கள் வரிசையாக, மேலே நடுவில் நீங்கள், தோளில் கண்டக்டர் பையோடு, அதே பழைய சிரிப்போடு. 'கொரோனா காலத்தில் தன்னுயிர் தந்த எங்கள் தெருவின் தொண்டர்' என்று எழுதியிருந்தது. எங்கள் தெருவாம். அந்த பிளெக்ஸைக் கட்டியிருந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில்தான் அன்றைக்கு சில்வர் ஓக் கட்டைகளைக் குறுக்கே போட்டு உங்கள் ஆம்புலன்ஸை மறித்தார்கள்.

என் குப்பை வண்டியின் ஒலிபெருக்கியில் அந்த நேரம் பதிவு செய்துவைத்த உங்கள் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கையை நீட்டி அணைத்தேன். இந்தத் தெருவுக்கு இனிமேல் அண்ணன் குரல் கிடையாது என்று வாய்விட்டே சொன்னேன். பின்னால் நின்று குப்பை வாங்கும் அக்கா, "என்னங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

நான் இன்னும் அந்தக் குப்பை வண்டியைத்தான் ஓட்டுகிறேன். ஊரடங்கு முடிந்தும் நம் மினி பஸ் ரோட்டுக்கு வரவில்லை, முதலாளி விற்றுவிட்டார். தற்காலிகம் என்று ஏறிய வண்டியிலேயே தங்கிவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால், "ரூட்டுதானுங்க மாறிருக்குது டிரைவரே, வேல மாறலீங்க" என்று கேலி செய்திருப்பீர்கள். என்னைவிட மூத்தவர், ஆனால் ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் டிரைவரேதான். கோபம் வந்தால் முன்னால் ஓர் 'ஏனுங்க' சேரும்.

ஏற்காட்டிலிருந்து நாகலூர், கொட்டச்சேடு என்று எஸ்டேட் எஸ்டேட்டாக நாம் போய்வந்த காலத்தில் நான் பின்னால் திரும்பிப் பார்த்ததே இல்லை. உங்கள் விசில் போதும். ஒன்று அடித்தால் நிற்பேன், இரண்டு அடித்தால் கிளம்புவேன். சேர்வராயன் கோயில் திருவிழா அன்று படிக்கட்டு வரை ஆள் பிதுங்கும்போதும், எங்கோ வளைவில் மூட்டையோடு ஓடிவரும் ஒருவருக்காக உங்கள் விசில் ஒன்று விழும். இனி எங்கே ஏற்றுவது என்று நான் கத்துவேன். "கையக் காட்டிட்டு நிக்கறவங்கள உட்டுட்டுப் போறதுக்கு எதுக்குங்க பஸ்ஸு?" என்பீர்கள். தாமதத்துக்கு முதலாளியிடம் திட்டு வாங்கியது என்னவோ நான்தான்.

அப்புறம் பஸ்கள் நின்றன. ஊராட்சியின் குப்பை வண்டிக்கு ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். மறுநாள் காலையில் நீங்களும் கழுத்தில் விசிலோடு வந்து நின்றீர்கள். சம்பளம் இல்லை என்றார்கள். "டிரைவரத் தனியா உட்டா வண்டி எங்க நிக்கும், எங்க போகும்னு அவருக்கே தெரியாதுங்க" என்று சொல்லி ஏறிக்கொண்டீர்கள். எந்தப் பக்கம் என்றைக்கு வண்டி வரும், கபசுரக் குடிநீர் எங்கே ஊற்றுவார்கள், ரேஷன் கடை எப்போது திறக்கும், போட்டுக் கழித்த முகக்கவசத்தை எப்படிக் கட்டித் தர வேண்டும் என்றெல்லாம் தினமும் மைக்கில் சொல்லவேண்டும். அலுவலகத் தமிழில் எழுதிக் கொடுத்த தாளை இரண்டு வரி படித்தீர்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு நம் பஸ் குரலை எடுத்தீர்கள்.

"மக்குறதெல்லாம் முன்னாடி ஏறுங்க! மக்காதது பின்னாடி ஏறுங்க! பாட்டிலு, கவரெல்லாம் கொஞ்சம் நெருக்கி நில்லுங்க! மாஸ்க்கு மட்டும் மூட்ட கட்டிக்கிட்டுத் தனியா வாங்க! அவசரமில்லீங்க, யாரையும் எறக்கி உட மாட்டமுங்க!"

பயத்தில் பூட்டிக்கொண்டு கிடந்த ஊர் ஜன்னலைத் திறந்து சிரித்தது. குழந்தைகள் டிக்கெட் கேட்டார்கள்.

விசில்தான் தொந்தரவாகப் போயிற்று. முகக்கவசத்தை இறக்காமல் ஊத முடியாது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நீங்கள் இறக்குவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, உயிரை வாங்காதீங்கண்ணா என்று சத்தம் போட்டேன். விசிலைக் கழற்றி என் கண்ணாடிக் கம்பியில் மாட்டினீர்கள். அன்றிலிருந்து மோதிரக் கையால் வண்டியின் தகரத்தைத் தட்டுவது என்று ஆயிற்று. ஒரு தட்டுக்கு நிற்பேன், இரண்டு தட்டுக்குப் போவேன்.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகு ஒருநாள் என் போனில் உங்கள் அறிவிப்பைப் பதிவு செய்தோம். கடைசி வார்த்தையைச் சொன்ன கையோடு, பழக்கதோஷத்தில், தகரத்தை இரண்டு தட்டு தட்டினீர்கள். நானும் பழக்கதோஷத்தில் வண்டியை எடுத்துவிட்டேன். மைக்கும் கையுமாக நீங்கள் ரோட்டில் நின்றீர்கள். அன்றைக்குச் சிரித்ததுபோல் அப்புறம் நாம் சிரிக்கவில்லை. "அந்தத் தட்ட வெட்டிருங்க டிரைவரே" என்றீர்கள். எனக்கு வெட்டத் தெரியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்துத் தெருவில் முதன்முதலில் நோய் வந்த வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். நோய் வந்த வீட்டுக் குப்பையை மஞ்சள் பையில் போட்டு வாசலில் வைக்கவேண்டும். வாசலில் மஞ்சள் பை தெரிந்தால் பால்காரர்கூடத் தள்ளிப் போவார் என்று அந்த வீட்டு அம்மா வைக்கவில்லை. எல்லாவற்றையும் பின்பக்கம் காப்பிச் செடிகளுக்குள் வீசினார். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள் கல்லெடுக்காத குறை. நீங்கள் யாரையும் திட்டவில்லை. அலுவலகத்தில் கெஞ்சி ஒரு கட்டு பை வாங்கிவந்து, தெருவில் ஒரு வீடு விடாமல் வாசலுக்கு வாசல் ஒன்று மாட்டினீர்கள். "இன்னிக்கு இந்தத் தெருவுக்கே மஞ்சப் பை டிக்கெட்டுதானுங்க, எல்லாரும் எடுத்தாவணும்!" எந்த வீட்டில் நோய் என்று அதற்குப் பிறகு யாராலும் வாசலைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அந்த அம்மா ஜன்னலுக்குள் நின்று உங்களைக் கும்பிட்டதை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

இரண்டாவது அலையில் உங்களுக்கு வந்தது. சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மூச்சு வாங்க வாங்க என்னிடம் பேசினீர்கள். "கீழ நொம்ப வேக்காடா இருக்குது டிரைவரே. என்ன ஆனாலும் என்னைய மலையேத்தி உட்டுருங்க. அப்பா பக்கத்துல எடம் இருக்குது." சரிங்கண்ணா என்றேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

உங்கள் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் குழி தயாராக இருந்தது. ஃபாதர் காத்திருந்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு வழி தெரியாது என்று முன்னால் நான் குப்பை வண்டியில் போனேன். தெருமுனையில் கட்டைகள். அவற்றுக்குப் பின்னால் ஆட்கள், வாயில் துணி கட்டிக்கொண்டு. நான் இறங்கி, அண்ணன்தானுங்க, நம்ம மைக்கு அண்ணன் என்றேன். அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நீங்கள் பையை மாட்டி மானம் காத்தீர்களே, அந்த அம்மாவின் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "குப்ப வண்டி போலாமுங்க, கட்டைய நவுத்தறோம். அது மட்டும் வேண்டாமுங்க."

அது. உங்களை அது என்றார் அண்ணா.

கும்பிட்டேன், கத்தினேன், கெட்ட வார்த்தையும் பேசினேன். வந்திருந்த இரண்டு அதிகாரிகள் பிரச்சினை வேண்டாம் என்றார்கள். ஆம்புலன்ஸ் அங்கேயே பின்னோக்கி எடுத்துத் திரும்பியது. கீழே, அந்த வேக்காட்டில், மின்மயானத்தில் உங்களை எரித்தார்கள். புதைக்கிற குடும்பத்தில் பிறந்த உங்களைச் சாம்பலாக்கி, உங்கள் மனைவியின் கையில் ஒரு சின்னப் பானையைக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து அதை அவர் மடியில் மூடிவைத்துக்கொள்ள, வாடகைக் காரில் அதே தெரு வழியாகப் போய், வெட்டிய குழியில் வைத்துவிட்டு வந்தோம். யாரும் மறிக்கவில்லை. மடியில் இருப்பது நீங்கள் என்று தெரிந்தால்தானே மறிப்பார்கள்.

இப்போது பிளெக்ஸ் வைக்கிறார்கள்.

திங்கள் முதல் அந்தத் தெருவுக்குள் சத்தமில்லாமல் போய்ச் சத்தமில்லாமல் வந்தேன். அவர்களுக்குக் குப்பை தேங்கியது. எனக்கு வேறொரு கஷ்டம் வந்தது, கேட்டால் சிரிப்பீர்கள். பதிவு ஓடாததால் கடைசியில் வரும் இரண்டு தட்டும் இல்லை. பின்னால் இருந்து அக்கா "போலாங்க" என்று இரண்டு தடவை சொன்ன பிறகும் என் கால் கிளட்சை விடமாட்டேன் என்றது. தெருவின் கோடியில், கல்லறைத் தோட்டத்து வாசலில், பைத்தியக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை அந்த மஞ்சள் பை வீட்டு அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தார். நாறும் வாளி. மூச்சிரைக்க, "ஏனுங்க, அண்ணன் சத்தம் கேக்காம வண்டி வந்ததே தெரியறதில்லீங்க. ஊடெல்லாம் ஒரே நாத்தம். அவுங்க சத்தத்தப் போடுங்க" என்றார்.

"அவருக்கு இந்தத் தெருவுல வழி இல்லீனு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. "பயந்துட்டமுங்க" என்றார்.

"அவருக்கும் பயந்தானுங்க. ராத்திரிக்கு எங்கிட்டச் சொல்லி அழுதிருக்காரு. ஆனாலும் உங்க ஊட்டு வாசலுக்கு வந்தாருங்களே."

அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். வண்டியை எடுத்துவிடலாம் என்று கியரைப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தால், ஒரு கையில் வாளி, மறு கையை நீட்டி நிறுத்தச் சொல்லி நின்றுகொண்டிருந்தார், பஸ்ஸை மறிக்கிற மாதிரியே. அப்போது கோபம் உங்கள் மேல்தான் வந்தது. யாருக்கெல்லாம் ஒரு விசில் அடித்துத் தொலைத்தீர்கள்! இப்படி ஒரு பழக்கத்தை என் காலில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். இறங்கி வாளியை வாங்கிக் கொட்டினேன்.

விழா முடிந்ததும் பிளெக்ஸை அவிழ்த்து, மடித்து, மற்ற குப்பையோடு நீட்டினார்கள். பிளெக்ஸ் மக்காது. உங்கள் கணக்கில் பின்னாடி ஏறவேண்டியது. நான் அதை வாங்கி, விசில் தொங்குகிற கண்ணாடிக்குக் கீழே, என் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது உங்களால் ஆகும், என்னால் ஆகாது. ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து உங்கள் குரலைத் திரும்பப் போட்டுவிட்டேன். மற்ற தெருக்களில் எப்போதும்போல. அந்தத் தெருவில் மட்டும் சத்தத்தைக் கூட்டும் திருகியை முடிந்தமட்டும் திருகிவைக்கிறேன். கட்டை போட்ட இடத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு வாசலாக நிறுத்தி, கல்லறைத் தோட்டத்து வாசல் வரைக்கும் தினமும் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மறிக்கச் சொல்லுங்கள் பார்க்கலாம். அன்றைக்குக் கட்டைக்குப் பின்னால் நின்றவர்களெல்லாம் இப்போது வாளியோடு வாசலில் நின்று கேட்கிறார்கள், யாரையும் எறக்கி உட மாட்டமுங்க என்று நீங்கள் சொல்வதை.

அங்கே, உங்கள் அப்பாவின் கல்லறை தெரிகிற இடத்தில் பதிவு முடிகிறது. தகரத்தில் இரண்டு தட்டு. என் கால் கிளட்சை விடுகிறது.