நிழல் பால்கனிக்குச் செடி வாங்கிய கதை

ப்ரேமன்,
ஜூன் 4

அன்பு மகள் வீப்கேவுக்கு,

அப்பா எழுதுவது. நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். மழை என்று எழுதினால் நம்புவாய். ஆகவே, இங்கே மழை. வான்கூவரிலும் அதுதான் என்றால், அதற்காக நீ அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். நான் போனில் பேசினால் அம்மா பக்கத்து அறையில் படுத்தபடியே என் வாக்கியங்களைத் திருத்துகிறாள். உடம்பு தளர்ந்தாலும் காது தளரவில்லை. பேனாவில் எழுதினால் அவளுக்குக் கேட்காது, அதுதான் காரணம்.

அம்மாவைப் போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டேன். இனி அந்த மருந்து ஏற்ற வேண்டாம், வீட்டில் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். டிராம் நிறுத்தத்துக்கு வரும் வரை அதை நல்ல செய்தி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். டிராம் ஓட்டிய காலத்தில் மட்டும்தான் உன் அப்பா நேரத்துக்கு வந்தவன். மற்றபடி எனக்கு எல்லாமே தாமதமாகத்தான் உறைக்கும்.

ஊருக்கு வெளியே குத்தகைக்கு வைத்திருந்த தோட்டத்து நிலத்தை வசந்தத்திலேயே தோட்டச் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதனால் அவள் வருவதற்குள் பால்கனியைப் பூவாக்கிவிட வேண்டும் என்று கிளம்பினேன். நம் பால்கனி உனக்குத் தெரியும். வடக்குப் பார்த்தது, எதிரே லிண்டன் மரம் வேறு. கோடையில் சாயங்காலம் வெயில் கம்பியைத் தொட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விடும். அங்கே துணி உலர்த்துவதோடு சரி. "அந்த இடத்துல உன் பீர் பெட்டியைத் தவிர வேற எதுவும் வளராது" என்பாள் அம்மா.

கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே இருக்கும் செடிக்கடைக்குப் போனேன். நிழல் என்றதும் அந்தப் பெண், "வருஷா வருஷம் தானா துளிர்க்கிற செடி வேணுமா, இல்ல இந்தக் கோடைக்கு மட்டும் பூக்கிறதா?" என்று கேட்டாள். பின்னால் ஒருவர் தள்ளுவண்டியால் என் குதிகாலை இடித்தார். "இந்தக் கோடைக்கு" என்று சொல்லிவிட்டேன். "அப்ப பெகோனியா எடுத்துக்கங்க. நிழலுக்கு அதை அடிச்சுக்க ஆளே இல்ல" என்று தட்டுத்தட்டாக எடுத்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து பெட்டிகளில் நட்டேன். நடுவில் சிவப்பு, சுற்றிலும் வெள்ளை, ஓரத்தில் ஐவிக் கொடி. யாரும் சொல்லித்தராமலே கை தானாக வைத்தது. எனக்குள் இப்படி ஒரு கலைஞன் இருந்திருக்கிறானே என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு ஓல்ட்மன்ஸ் அம்மாள் எட்டிப் பார்த்து, "ரொம்ப மரியாதையா இருக்கு, ஹார்ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அம்மாவைச் சக்கர நாற்காலியில் பால்கனிக் கதவுவரை தள்ளிக்கொண்டு வந்தேன். வெகு நேரம் பார்த்தாள்.

"இப்பவேவா, ஹார்ம்?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"எங்கம்மா கல்லறைக்கு வருஷா வருஷம் கோடையில நாம வைக்கிறது இதேதானே! நடுவுல சிவப்பு, சுத்தி வெள்ளை, ஓரத்துல ஐவி. பேரு வெட்டுன கல்லு ஒண்ணுதான் குறைச்சல்."

இத்தனை வருஷமும் அந்தக் கல்லறைக்குக் குழாயடியிலிருந்து தண்ணீர் சுமந்தவன் நான். எதற்கு ஊற்றுகிறேன் என்று ஒருநாளாவது குனிந்து பார்த்திருந்தால்தானே! அம்மா இருமல் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேடிக்கையாகவே எழுதியிருப்பேன்.

பெட்டிகளை அப்புறப்படுத்தும்போது அவள் கேட்டாள்: "பெகோனியா முதல் உறைபனிக்கே செத்துப்போயிடும். வருஷா வருஷம் தழைஞ்சு வர்ற செடி எதுவும் கடையில இல்லையா, இல்ல நீயே இதைக் கேட்டு வாங்கினியா?"

எனக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். அவள் என் காதைத்தான் பார்த்தாள். கேக்கைக் கோணலாக வெட்டினால்கூடத் திட்டுகிறவள், அன்றைக்குத் திட்டவில்லை. "சரி. ஒரு கோடைன்னு முடிவு பண்ணிட்ட" என்றாள். உள்ளே தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள்.

வீப்கே, டாக்டர் எவ்வளவோ சுற்றி வளைத்துச் சொன்னதை நான் ஒரு தட்டுப் பூவால் நேராகச் சொல்லிவிட்டேன். அப்படி ஒரு முடிவை மனதில் வைத்திருந்தேன் என்பது எனக்கே தெரியாது. வாயிலிருந்து வந்த வார்த்தை என்றால் மன்னிப்பாவது கேட்கலாம். இதற்கு எப்படிக் கேட்பது?

மறுநாள் காலை டீயைக் குடித்துவிட்டு, வருஷா வருஷம் துளிர்க்கிற பெரணியும், அகல இலை ஹோஸ்டாச் செடியும் வாங்கி வா என்றாள். அதே கடை, அதே பெண். பெரணி முதல் வருஷம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், மூன்றாம் வருஷம்தான் அழகு என்று சொன்னாள். வீட்டில் வந்து அப்படியே ஒப்பித்தேன். "நமக்கென்ன அவசரம்?" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நான் நட, அவள் நாற்காலியிலிருந்து உத்தரவு போட்டாள். "தண்டவாளம் மாதிரி நேர்க்கோட்டுல வைக்காதே, செடிக்கு எங்கேயும் போக வேண்டியதில்ல" என்றாள். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

பெகோனியாக்களை அவை போக வேண்டிய இடத்துக்கே கொண்டுபோய் வைத்தேன். என் மாமியார் முதல் தடவையாக என்மேல் சந்தோஷப்பட்டிருப்பார்.

கடைசிப் பெட்டியில் மட்டும் அம்மா எதையும் நட விடவில்லை. மண் போட்டுத் தயாராக இருக்கிறது. "அது வீப்கே வந்து வைக்கட்டும்" என்கிறாள். நீ கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருப்பதைச் சொன்னேன். "வேலை இருக்கும் அவளுக்கு. தொந்தரவு பண்ணாதே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையில் தண்ணீர் ஊற்றும்போது அந்தப் பெட்டியின் பக்கம் பார்க்காமல் தாண்டிப் போகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நான் தொந்தரவு பண்ணவில்லை, மகளே. செடி விஷயம் மட்டும்தான் சொல்கிறேன். டிசம்பரில் பெட்டி மண் கல்லாக உறைந்துவிடும். அப்போது இங்கே யாரும் எதையும் நடமாட்டார்கள். ஜூலை நல்லது. ஜூன் கடைசி என்றால் இன்னும் நல்லது. என்ன செடி என்று அங்கே உட்கார்ந்து யோசிக்காதே, வந்து அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு.

நீ வரும் வழியைப் பார்த்திருக்கும்
அப்பா ஹார்ம்