புல்லுக்கு அடியில் வெந்நீர்

இன்று காலை ஈரமண் வேகும் வாசனை வந்தது. எங்கே தெரியுமா? முழங்கால் அளவுக்குப் பனி கொட்டிக் கிடக்கிற ஒரு கால்பந்து மைதானத்தில். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். என் வாழ்நாளில் அதை இதற்கு முன் ஒரே ஒரு தரம்தான் முகர்ந்திருக்கிறேன். அன்று நீயும் பக்கத்தில் நின்றாய்.

மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இந்தத் தேசத்தில் வாயைத் திறந்தால் பல் கூசுகிறது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறேனே என்று மருமகன் என்னை வெளியே அழைத்துப் போனார். அவருடைய சிநேகிதர் ஒருவர் இந்த ஊர் மைதானத்தில் பாய்லர் பார்க்கிறார். கூரையில் பனி, நாற்காலிகளில் பனி, நடக்கிற வழியில் வழுக்காமலிருக்க உப்பைத் தூவி வைத்திருந்தார்கள். நடுவில் மட்டும் புல் பச்சைப்பசேலென்று, நம் பாலாற்றங்கரையில் மழை விட்டதும் இருக்குமே, அப்படி இருந்தது. விழுகிற பனி புல்லைத் தொட்டதும் காணாமல் போனது. மேலே லேசாக ஆவி. நான் வாயைப் பிளந்து நின்றேன்.

"அடியில குழாய் போகுது மாமா. சூடு பண்ணிக்கினே இருப்பாங்க, பனி தங்காது" என்றார் மருமகன், ஏதோ காய்கறி விலையைச் சொல்வதுபோல.

பக்கத்தில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உன் மாமு சொன்னது நிஜம்! அவர் புளுகவே இல்லை. இதை ஓடிவந்து சொல்லலாம் என்றால் நீ இல்லை. நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது.

உன் மாமுவை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. உன் அம்மாவின் தம்பி, கப்பலில் சமையல்காரர், லீவில் வந்தால் வாசனைச் சோப்பும் கதையுமாக வருவார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நம் ஃபுட்பால் டீம் மொத்தமும் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. கப்பல் ஒரு குளிர் ஊரில் நின்றபோது கூட வேலை செய்கிறவர்கள் அவரை ஃபுட்பால் பார்க்கக் கூட்டிப் போனார்களாம்.

"ஊரே பனியில மூடிக்கினு இருக்குது. கிரவுண்டு மட்டும் பச்சையா இருக்குது. கேட்டா, தரைக்கு அடியில சூடு ஓடுதுன்றான்" என்றார்.

"இன்னா பாய், பூமிக்கு அடியில அடுப்பா?" என்றார் டீக்கடைக்காரர்.

"அடுப்போ, கம்பியோ, குழாயோ... நான் இன்னா தோண்டியா பாத்தேன்? சத்தியமா கண்ணால பாத்தேம்பா."

அந்த நேரம் பார்த்துக் கடை பல்பு மினுக்கி மினுக்கி அணைந்து தொலைத்தது. "இங்க ஒரு பல்பு எரிய மாட்டேங்குது, அங்க பூமிய சுட வைக்கிறானாம்" என்று யாரோ இருட்டில் சொல்ல, கடையே அதிர்ந்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. என் ஊர் ஐயம்பேட்டைக்கு நான் பஸ் ஏறும்போது, "மாமு பொய் சொல்ல மாட்டாரு மச்சான்" என்றாய். அதற்கும் சிரித்தேன்.

உன்னைப்போல் பந்தை எடுத்துக்கொண்டு ஓடியவனை நான் பிறகு பார்த்ததில்லை. உங்கள் வீட்டில் பட்டு நூலை வேகவைத்துச் சாயம் ஏற்றும் பட்டறை. கொப்பரைகளில் நாள் முழுக்கத் தண்ணீர் கொதிக்கும், அடியில் உமி கனன்றுகொண்டிருக்கும். உன் கை ஒரு வாரம் அரக்கு, மறுவாரம் மாம்பழ மஞ்சள். எதிர் டீம்காரர்கள் உன் கையைப் பார்த்து, "கல்யாணப் புடவை வருதுடா" என்று கேலி செய்வார்கள். கோல் விழுந்த பிறகு பேச மாட்டார்கள். உன் அப்பாவுக்கு நீ பட்டறையில் உட்கார வேண்டும். உனக்கு அந்த ஆவியும் நெடியும் ஆகவே ஆகாது, இருமித் தள்ளுவாய். அதனால்தான் மதராஸில் ஒரு ஆபீஸ் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்காக ஒருவர் நம் பைனல் மாட்ச்சைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் உனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. ஆடத் தெரிந்தவனுக்கு அங்கே மாசச் சம்பளத்தில் வேலை. உனக்கு வெளியே போக அந்த ஒரு கதவுதான் இருந்தது.

ஐப்பசி மழை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. செவிலிமேட்டுப் பக்கம் நாம் ஆடுகிற மைதானம் எப்படியோ தேறிவிட்டது. கிழக்குக் கோல் வாசல் மட்டும் பள்ளம், சேறு கொழகொழவென்று நின்றது. மாட்ச் நடத்துகிறவர் காலையில் வந்து ஒரு குச்சியை ஊன்றிப் பார்த்தார். குச்சி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. "சாயங்காலத்துக்குள்ள இது காயலன்னா மாட்ச் கிடையாதுபா. தள்ளி வெச்சிக்கலாம்" என்றார். தள்ளி வைக்கலாம், மதராஸ்காரர் திரும்ப வருவாரா?

நீ சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் கண்ணில் மாமுவின் கதை ஓடுவது எனக்கே தெரிந்தது.

"மச்சான், அடியில சூடு வெச்சா மேல காயுமில்ல?"

"டேய், அது டீக்கடைக் கதைடா."

"எங்க பட்டறையில இல்லாத சூடா? வா."

ஊரில் யாரும் செய்திருக்க மாட்டாத ஒன்றை நாம் செய்தோம். சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, கோல் வாசலில் நீள நீளமாகப் பள்ளம் தோண்டினோம். அடியில் உடைந்த கூரை ஓடுகளைப் பரப்பி, உன் பட்டறை அடுப்புகளிலிருந்து கனன்ற உமியை இரும்புச் சட்டிகளில் சுமந்து வந்து கொட்டினோம். மேலே இன்னும் உமி, அதற்கு மேல் ஓடு, அதற்கு மேல் ஆற்று மணல். உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். "பைத்தியம் புடிச்சிருக்குதாடா உங்களுக்கு?" என்று கத்தினார். கத்திக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். மண்ணிலிருந்து ஆவி கிளம்ப ஆரம்பித்திருந்தது.

அதுதான் அந்த வாசனை.

உச்சி வெயில் நேரத்துக்கெல்லாம் கோல் வாசல் இறுகிப்போயிற்று. சாயத்தண்ணீர் பதம் பார்க்கிற மாதிரி நீ புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாய். "வெதுவெதுன்னு இருக்குது மச்சான். அங்கயும் இப்பிடித்தான் இருக்கும்" என்றாய். டீமே வெறுங்காலோடு அதன்மேல் ஏறி நின்று குளிர் காய்ந்தது. நம்மில் யாரிடம் பூட்ஸ் இருந்தது? மாட்ச் நடத்துகிறவர் குச்சியை மறுபடி ஊன்றினார், இறங்கவில்லை. மனிதர் நம்மை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார். உமி எரிய எரிய உள்ளே இறங்கிக்கொண்டே போகும், மேல் ஓட்டுக்கும் கனலுக்கும் நடுவில் வெறும் இடம் விழுந்துகொண்டிருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது பாதியில் அது நடந்தது. அப்போது கிழக்குக் கோல் நம் பக்கம், நான் அதற்கு முன்னால் காவல். நீ அந்தக் கோடியில் எல்லாரையும் தாண்டிவிட்டாய், எதிரே கோல்கீப்பர் ஒருத்தன்தான். ஓரத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்ற மதராஸ்காரர், கழுத்தை நீட்டி உன்னைப் பார்த்தார். நானும் அதைப் பார்க்கத்தான் ஓர் அடி பக்கவாட்டில் வைத்தேன். காலடியில் படாரென்று ஓடு உடைந்தது. என் இடது கால் கணுக்கால்வரை கனலுக்குள் போயிற்று.

நான் எப்படிக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. நீ சொல்லித்தான் தெரியும், மாடு கத்துகிற மாதிரி இருந்ததாம். எனக்குத் தெரிந்தது இதுதான்: காலை இழுக்க முடியவில்லை, உடைந்த ஓடு கவ்விக்கொண்டிருந்தது. எல்லாரும் மலைத்துப்போய் நிற்கிறார்கள். அந்தக் கோடியிலிருந்து ஒரே ஒருவன் ஓடி வருகிறான். பந்து அவன் விட்ட இடத்தில் கிடக்கிறது. கோல்கீப்பர்கூட அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நீ வெறுங்கையால் ஓட்டைப் பிய்த்தாய். என்னை முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரியைப் பார்த்து ஓடினாய். குடைக்காரரைக் கடந்துதான் போனோம். அவர் ஏதோ கேட்டார். நீ திரும்பவே இல்லை. அந்த வலியிலும் எனக்குத் திக்கென்றது, இவன் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறானே என்று.

அவர் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். பிறகு ஆள் வரவில்லை, தகவலும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வெந்துபோன உன் கையில் போட்டிருந்த கட்டையே பார்த்தபடி நீ சொன்னாய்: "மாமு புளுகிட்டாருடா. அந்தாள நம்பி உன் கால வேக வெச்சிட்டேன்."

அதற்கப்புறம் நீ உன் மாமுவோடு பேசவில்லை. அடுத்த லீவில் அவர் உனக்கென்று ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வந்தார், நீ தொடவில்லை. வாசலில் நின்று, "சத்தியமாடா, பாத்தேண்டா" என்று அழுதாராம். உன் அம்மா என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ பட்டறையில் உட்கார்ந்தாய், இருமிக்கொண்டே உட்கார்ந்தாய். ஊர் உனக்கு 'அடுப்பு பாய்' என்று பேர் வைத்தது, நீயும் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பாய். டிவி வந்து தெருவே ஃபுட்பால் பார்த்த நாட்களில் மட்டும் எழுந்து போய்விடுவாய்.

என் இடது பாதத்தின் அடியில் உணர்ச்சி செத்துவிட்டது. முள் குத்தினாலும் தெரியாது, தரையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி கத்தினால்தான் தெரியும். அதனால் நீ ஒரு வழக்கம் வைத்திருந்தாய். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சைக்கிளில் ஐயம்பேட்டைக்கு வருவாய், பிறகு மொபெட்டில் வந்தாய், கடைசியில் மகன் கொண்டுவந்து விட்டான். வந்ததும் தண்ணீர்கூட வாங்க மாட்டாய். "காட்டுடா" என்பாய். நான் பாதத்தைத் திருப்பிக் காட்டுவேன். விரல் இடுக்கெல்லாம் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாய். ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு நாம் அந்த மாட்ச்சைப் பற்றிப் பேசியதே இல்லை.

இன்று அந்தப் பாய்லர்காரர் எங்களைக் கீழே கூட்டிப்போனார். பெரிய அறை, தடிதடியாகக் குழாய்கள். "இதுக்குள்ள இன்னா ஓடுதுன்னு கேளுங்க" என்றேன் மருமகனிடம். கேட்டுவிட்டுச் சொன்னார்: "வெந்நீர்தான் மாமா."

வெந்நீர்! உன் பட்டறையில் விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரைக்கும் கொதித்துக்கொண்டிருந்தது அதுதானே? நாம் கொப்பரையை விட்டுவிட்டு, அதன் அடியில் இருந்த நெருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். நீ நினைத்தது சரி. உன் மாமு சொன்னது சரி. அவர் அழுதுகொண்டே போய்ச் சேர்ந்தார், நீ அவரைப் பொய்யர் என்று நினைத்தபடியே போய்ச் சேர்ந்தாய். இவ்வளவு பெரிய நிஜம் இங்கே புல்லுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, நமக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மேலே வந்ததும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினேன். மருமகன் பதறினார், பாய்லர்காரர் சிரித்துவிட்டுத் தலையாட்டினார். பனி கொட்டுகிறது, நான் வெறுங்காலோடு புல்லில் நிற்கிறேன். வலது காலுக்கு வெதுவெதுவென்று இருந்தது. இடது காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, உன்னைப்போல் புறங்கையை வைத்துப் பார்த்தேன். அதே பதம்தான்.

ஊருக்கு வந்ததும் முதலில் உன் மாமு அடங்கியிருக்கிற கபருக்குப் போவேன். அவரிடம் சொல்லிவிட்டு உன்னிடம் வருகிறேன்.

ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து சாக்ஸை எடுத்தேன். என்னை அறியாமல் இடது பாதத்தைத் திருப்பி வெளியே காட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அதன்மேலும் பனி விழுந்துகொண்டிருந்தது.

"இன்னா மாமா, கால்ல ஏதாவது குத்திருச்சா?" என்று மருமகன் கேட்டபோதுதான் காலை இறக்கினேன்.